கடவுள் மௌனமாக இருந்த ஆண்டுகள்... அன்னை தெரசா அழிக்கச் சொன்ன கடிதங்கள்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வரும் கூட்டத்தில் யாரையாவது நிறுத்தி, ``ஜெபம் பண்ணும்போது கடவுள் பக்கத்துல இருக்கிற மாதிரி இருந்துச்சா?'' என்று கேட்டுப் பாருங்கள். ``ஆமா'' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ``இல்லீங்க'' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நோயிலிருந்து எழுந்தவர் சாட்சி சொல்வார். வேலை கிடைத்தவர் சொல்வார். ``ஆறு மாசமா ஜெபம் பண்றேன், சுவரோட பேசுற மாதிரிதான் இருக்கு'' என்று ஒருவர் எழுந்து நின்றால், அவர் கையில் மைக்கைக் கொடுப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இந்தச் சுவரோடு ஒரு பெண்மணி ஏறக்குறைய 50 ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார். அதுவும் யார்? நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையில், 'கடவுள் உங்களை நேசிக்கிறார்' என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அன்னை தெரசா.

1997 செப்டம்பர் 5-ம் தேதி அவர் இறந்தபோது, இந்த விஷயம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குருக்களுக்கு மட்டுமே தெரியும். புனிதர் பட்டத்துக்கான வேலைகள் தொடங்கி, அவர் எழுதிய தாள்களையெல்லாம் திரட்டியபோதுதான், தன் ஆன்ம வழிகாட்டிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் வெளியே வந்தன. ``படித்துவிட்டு அழித்துவிடுங்கள்'' என்று அவரே கேட்டுக்கொண்ட கடிதங்கள் அவை. அழிக்க மனம் வராமல் சிலர் வைத்திருந்தார்கள். புனிதர் பட்ட வழக்கை எடுத்து நடத்திய அருட்தந்தை பிரையன் கொலோடியேச்சுக், 2007-ல் அவற்றைப் புத்தகமாகத் தொகுத்து வெளியிட்டார். 

அந்தக் கடிதங்களின் கனம் புரிய வேண்டுமென்றால், ஒரு ரயில் பயணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1946 செப்டம்பர் 10. லொரேட்டோ சபையின் அருட்சகோதரியான தெரசாவுக்கு அப்போது 36 வயது. கொல்கத்தாவுக்கு வந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. என்டாலி பகுதியில் உள்ள புனித மரியாள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர், ஆண்டுத் தியானத்துக்காக டார்ஜிலிங் போய்க்கொண்டிருந்தார். மடத்தைவிட்டு வெளியே வந்து ஏழைகளிலும் ஏழைகளோடு வாழ வேண்டும் என்ற அழைப்பு, அந்தப் பயணத்தில்தான் அவருக்கு வந்தது. அடுத்துவந்த மாதங்களில் இயேசுவின் குரல் தெளிவாகக் கேட்டதாகவும், அவர் தன்னிடம் கெஞ்சிக் கேட்டதாகவும் கொல்கத்தா பேராயர் ஃபெர்டினான்ட் பெரியேவுக்கு அவர் எழுதியிருக்கிறார். 

பேராயர் அவசரப்படவில்லை. விசாரித்தார், காத்திருக்க வைத்தார். ரோமிலிருந்து அனுமதி வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. 1948 ஆகஸ்ட்டில் தெரசா புடவை உடுத்திக்கொண்டு மடத்தின் வாசலைத் தாண்டினார். மோதிஜீல் குடிசைப் பகுதியில், கட்டடமோ கரும்பலகையோ இல்லாமல், குச்சியால் மண்ணில் எழுத்துகளை எழுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1950 அக்டோபர் 7-ல் 'பிறர் அன்பின் பணியாளர் சபை'க்கு அங்கீகாரம் கிடைத்தது. 1952-ல் காளிகாட்டில், காளி கோயிலையொட்டிய கட்டடத்தில், சாகக் கிடப்பவர்களுக்கான 'நிர்மல் ஹிருதய்' இல்லம் தொடங்கியது. 

கேட்டதெல்லாம் நடந்தது. ஆனால், எந்தக் குரலை நம்பி வாசலைத் தாண்டினாரோ, அந்தக் குரல் நின்றுபோனது.

1953-ல் பேராயருக்கு எழுதிய கடிதத்தில், தனக்காக ஜெபிக்கும்படி கேட்கிறார். உள்ளே எல்லாம் செத்துப்போனது போன்ற பயங்கர இருள் என்கிறார். இந்த வேலையைத் தொடங்கிய காலத்திலிருந்தே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறதாம். அதன்பின் வந்த கடிதங்களில் இருள் இன்னும் அடர்த்தியாகிறது. ஜெபத்தில் ருசி இல்லை. மோட்சம் என்ற சொல்லுக்கு அர்த்தமே தெரியவில்லை. கடவுள் என்று ஒருவர் இல்லாவிட்டால் ஆன்மா என்பதும் இல்லையே என்ற இடம்வரை அவர் மனம் போயிருக்கிறது. ஒரு புனிதர் எழுதியது இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், கொஞ்சம் நடுக்கமாகவே இருக்கும்.

இதில் ஒரு விநோதம் உண்டு. 'நீர் இருக்கிறீரா' என்ற அந்தக் கேள்வியை அவர் எழுதியது வேறு யாருக்கோ அல்ல, இயேசுவுக்கே. இல்லாதவரிடம் யாராவது கோபித்துக்கொள்வார்களா? பைபிளின் சங்கீதப் புத்தகத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது. 88-வது சங்கீதம் புலம்பலில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் வருகிற ஆறுதல் திருப்பம் அதில் வருவதில்லை. அதையும் ஜெபம் என்றுதான் முன்னோர் சேர்த்துவைத்தார்கள். கர்த்தர் வாக்கு மாறாதவர் என்று தேவாலயங்களில் உருகிப் பாடும் வரிகளுக்கு ஆதாரமான புலம்பல் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரமும், எருசலேம் விழுந்து, வீதிகளில் பிள்ளைகள் பசியால் மயங்கிக் கிடந்த கதைக்கு நடுவேதான் இருக்கிறது.

1958 அக்டோபரில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி. திருத்தந்தை 12-ம் பயஸ் இறந்து, அவருக்காக நடந்த பூசையில், சபையின் பணி கடவுளுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம் தரும்படி வேண்டினார் தெரசா. இருள் விலகியது. ஐந்து வாரங்கள்! பிறகு மறுபடியும் அதே இருள்.

அவரை அதிகம் குத்தியது, இருளைக்கூட விடத் தன் சிரிப்புதான். உள்ளே எதுவுமே இல்லாதபோது, சகோதரிகளிடம் கடவுளின் அன்பைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறோமே, இது வேஷமில்லையா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். தன் சிரிப்பை எல்லாவற்றையும் மூடும் ஒரு போர்வை என்கிறார். 2007-ல் விமர்சகர்கள் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். 'நம்பிக்கையே இல்லாமல் நம்பச் சொல்லியிருக்கிறார்' என்றார்கள்.

வேஷம்தானா? வளைகுடா நாட்டில் வேலைபார்க்கும் கணவரிடமிருந்து மாதக்கணக்கில் போன் வராத ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். ``அப்பா நம்மளையேதான் நினைச்சிட்டிருப்பாரு'' என்று பிள்ளைகளுக்குச் சோறூட்டியபடி சொல்கிறாள் அம்மா. இரவில் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனாலும் காலையில் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், கடன்காரருக்குப் பதில் சொல்கிறாள், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். அவள் பிள்ளைகளிடம் சொன்னதைப் பொய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் தாலி கட்டியபோது கொடுத்த வார்த்தையை அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

தெரசாவுக்கு இதைப் புரியவைத்தவர், புனேயில் இறையியல் கற்பித்துவந்த ஆஸ்திரியரான சேசு சபைக் குரு ஜோசப் நோய்னர். 1961-ல் தியானம் கொடுக்கக் கொல்கத்தா வந்தவரிடம், தெரசா தன் நிலையை எழுதியே கொடுத்துவிட்டார். நோய்னர் சொன்ன பதிலில் தேன்தடவல் எதுவும் இல்லை. இதற்கு மனிதர் தரக்கூடிய மருந்து கிடையாது என்றார். கடவுளை உணர்வது மட்டுமே அவர் இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது, அவருக்காக இப்படி ஏங்குகிறீர்களே, அந்த ஏக்கமே அவர் உள்ளே இருப்பதன் அடையாளம் என்றார். ஏழைகளிடம் நீங்கள் செய்யும் வேலையின் உள்பக்கம்தான் இந்த இருள் என்றும் சொன்னார்.

சபையின் ஒவ்வொரு ஜெபக்கூடத்திலும் சிலுவைக்குப் பக்கத்தில், சாகும் நேரத்தில் இயேசு தன் தாகத்தைச் சொன்ன வார்த்தையை எழுதிவைப்பது வழக்கம். அதை எழுதச் செய்தவரே தெரசாதான். ஆனால் தன் தாகத்துக்கும் அந்தத் தாகத்துக்கும் முடிச்சு இருப்பது, நோய்னர் சொன்ன பிறகே அவருக்கு விளங்கியது. இருளை நேசிக்கத் தொடங்கிவிட்டதாகப் பிறகு அவருக்கு எழுதினார். இருள் போய்விட்டது என்று எழுதவில்லை.

கடிதங்களைவிடக் கனமான விஷயம் ஒன்று அவர் குடும்பத்தில் இருந்தது. 1928-ல், 18 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது, அம்மா திரானாவும் அக்காவும் ஜாக்ரெப் வரை வந்து ரயிலேற்றிவிட்டார்கள். அதுதான் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது. அம்மாவும் அக்காவும் பிறகு அல்பேனியாவில் சிக்கிக்கொண்டார்கள். அந்தக் கம்யூனிஸ்ட் அரசு 1967-ல் மதத்தையே தடை செய்தது. வயதான அம்மாவை வெளியே கொண்டுவர நடந்த முயற்சிகள் எதுவும் பலிக்கவில்லை. பிரதமர்களும் ஜனாதிபதிகளும் கைகுலுக்கக் காத்திருந்த ஒரு பெண்ணால், சொந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 1972-ல் அம்மா இறந்தார். அடுத்த ஆண்டு அக்கா. 'உன் பிரார்த்தனை என்ன ஆனது' என்று அவரை யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அக்கா இறந்த அதே 1973-ல்தான், தினமும் ஒரு மணி நேரம் நற்கருணையின் முன் அமர்ந்து ஆராதிப்பது என்று சபை முடிவெடுத்தது. வேலை தலைக்குமேல் கிடக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் என்பது பெரிய விஷயம். ஜெபத்தில் எதையுமே உணராத ஒருவர், ஜெப நேரத்தைக் கூட்டியிருக்கிறார். 

1979 செப்டம்பரில்கூட, கடவுளின் மௌனத்தையும் வெறுமையையும் பற்றி ஒரு குருவுக்கு எழுதியிருக்கிறார். மூன்று மாதம் ஆவதற்குள் ஓஸ்லோவில் நோபல் மேடை. வழக்கமான விருந்தை ரத்து செய்யச் சொல்லி, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேடையில் இயேசுவின் அன்பைப் பற்றித்தான் பேசினார். அதே சிரிப்பு.

அழிக்கச் சொன்ன கடிதங்களை அச்சில் ஏற்றியது சரியா என்று வருத்தப்பட்ட பக்தர்களும் உண்டு. அது நியாயமான வருத்தம்தான். கடிதங்களைப் படிப்பவர்கள் இயேசுவை விட்டுவிட்டுத் தன்னைப் பற்றிப் பேசுவார்கள் என்பதே தெரசாவின் பயமாக இருந்தது. இன்னொரு பக்கம், ஜெபம் வராத ராத்திரியில், 'எனக்கு மட்டும்தான் இப்படியோ' என்று கூசிக் கிடப்பவர் கையில் அந்தக் கடிதம் கிடைத்தால் அது வேறு கதை. அவர் பெயர் சூட்டிக்கொண்ட லிசியே நகரின் புனித தெரேசாவும், 1897-ல் 24 வயதில் காசநோயில் இறப்பதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுகள் விசுவாச இருளில்தான் கிடந்தார். இது மடத்துச் சுவர்களுக்குள் ரொம்ப நாளாகவே தெரிந்த சங்கதி. கோயில் பெஞ்சுகளுக்கு வந்துசேரத்தான் தாமதமாகிவிட்டது.

2016 செப்டம்பர் 4-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். தான் புனிதரானால், இருளில் இருப்பவர்களுக்கு விளக்கேற்றப் போய்விடுவதால் மோட்சத்தில் தன்னைப் பார்ப்பது அரிது என்று அவர் முன்பே எழுதிவைத்திருந்தார்.

இறந்தபோது 123 நாடுகளில் 610 இல்லங்கள், ஏறக்குறைய 4,000 சகோதரிகள். அவருடைய அறையோ, கொல்கத்தா தலைமை இல்லத்தில் சமையலறைக்கு மேலே இருந்த ஒரு சிறு அறை. சூடு தாங்காது, ஃபேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே எழுந்து, அங்கிருந்து ஜெபக்கூடத்துக்கு வந்து, மற்ற சகோதரிகளோடு தரையில் உட்கார்ந்துகொள்வார். ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸும் லாரியும் இரைந்துகொண்டு போகும்.