அளவுக்கேற்ற மிதிவண்டி

பள்ளியை விட்டுச் சென்ற மாணவன் ஒருவன் பல்லாண்டு கழித்துத் தலைமையாசிரியரைத் தேடி வருகிறான் என்றால், பெரும்பாலும் அவனுக்கு ஒரு கையொப்பம் தேவைப்படுகிறது என்று பொருள். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோல சிலாங்கூரில் உள்ள என் வீட்டு வாசலில் வந்து நின்ற தம்பிக்கும் அதுவே தேவைப்பட்டது. கூட்டுறவுக் கடன் விண்ணப்பத்தில் பிணையாளர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதை நிரப்ப என்னைத் தேடி வந்திருந்தான்.

அவனுக்கு வயது இருபத்து மூன்று. ஈஜோக் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தந்தை இல்லை, தாய் செம்பனைத் தோட்டத்து நாற்றங்காலில் நாட்கூலிக்குப் போகிறவர். ஆரம்பப் பள்ளியில் குறுக்கோட்டப் போட்டியில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்த பையன் அவன். இப்போது டிரையத்லான் என்னும் போட்டியில் இறங்க ஆசைப்பட்டான். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் செய்வது அந்தப் போட்டி. ஒலிம்பிக்கில் வழங்கும் அளவு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம். ஓடுவதற்குக் கால் இருந்தது, நீந்தவும் கற்றுக்கொண்டான். வண்டிதான் இல்லை.

“எவ்வளவுப்பா விலை?” என்றேன்.

“ஒன்பதாயிரம் வெள்ளிங்கய்யா. கார்பன் வண்டி. நேரச் சோதனை ஓட்டத்துக்குன்னே செஞ்சது. கையில நாலாயிரம் இருக்கு. மிச்சத்துக்குத்தான் கடன்.”

“கடன் கிடைக்காவிட்டால்?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அம்மா சங்கிலிய அடகு வைக்கிறேன்னு சொல்றாங்கய்யா.”

அந்தச் சொல் என்னை ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நான் பிறந்தது, இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அங்கே மிதிவண்டி என்பது ஆடம்பரமன்று. அது குடும்பத்தின் ஓர் உறுப்பு. விடியலுக்கு முன்பே அப்பா எழுந்து, வண்டியின் பின்புறம் பால்வாளிகளைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் விளக்கோடு மரம் வெட்டப் போவார். திரும்பி வரும்போது வாளிகள் நிறைந்திருக்கும். அந்தக் கனத்தோடு செம்மண் சாலையில் ஒரு துளி பாலும் சிந்தாமல் ஓட்டி வருவது தனிக்கலை. அந்தக் கலைக்கு யாரும் பதக்கம் கொடுத்ததில்லை.

ஆனால் எனக்குப் பதக்கங்களின்மீதுதான் கண். 1978ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாலை மிதிவண்டி ஓட்டத்தில் இங் ஜூ ஙான் தங்கம் வென்ற கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பின்னாளில் நம்மவரான எம். குமரேசன் நாட்டுக்காக ஓட்டி ஒலிம்பிக் வரையில் சென்றபோது, தோட்டத்துப் பிள்ளைகளின் நெஞ்சு எப்படி நிமிர்ந்தது என்பதையும் அறிவேன். 1986இல் எனக்குப் பதினேழு வயது. கோல சிலாங்கூர்ப் பட்டணத்துக் கடையொன்றில் நீல நிறப் பந்தய வண்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. விலை 480 வெள்ளி. அப்பாவின் இரண்டு மாதச் சம்பளம். நான் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அப்பா தவணைச் சீட்டில் கைநாட்டு வைத்தார்.

அந்த வண்டி என் உயரத்துக்குச் சற்றும் பொருந்தாதது. இருக்கையில் அமர்ந்தால் கால் தரையைத் தொடாது. கைப்பிடியைப் பிடிக்க முதுகை வளைத்து எட்ட வேண்டும். வாங்கும்போதே எனக்கு அது தெரியும். “வளர்ற பையன்தானே” என்றார் கடைக்காரர். நிறத்தின் அழகில் நானும் தலையாட்டிவிட்டேன். மூன்று மாதத்தில் முழங்கால் வலி தொடங்கியது. ஒருநாள் செம்மண் மேட்டில் நிறுத்த முயன்று, கால் எட்டாமல் விழுந்து தோள்பட்டை எலும்பு விரிசல் கண்டது. அதன்பிறகு வண்டி லயத்தின் தாழ்வாரத்தில் தொங்கியது. அது தொங்கிக்கொண்டிருந்த ஓராண்டுக்கும் மேலாக அப்பா மாதந்தோறும் தவணை கட்டினார், தம் பழைய வண்டியிலேயே பால் சுமந்துகொண்டு. ஒரு சொல்கூட என்னைக் கடிந்ததில்லை. கடிந்திருந்தால் என் பாரம் சற்றுக் குறைந்திருக்கும்.

ஆகவே, தம்பியின் விண்ணப்பத்தை மேசைமீது வைத்தேன். “கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மாதம் எனக்குக் கொடு” என்றேன். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த ஒரு பாடம் உண்டு: மாணவன் விடையைக் கேட்டு வரும்போது, முதலில் வினாவைச் சரியாக்கிக் கொடு. “எந்த வண்டி வேகமானது?” என்பது அவன் வினா. “என் வேகத்தை எது தடுக்கிறது?” என்பதே சரியான வினா என்று எனக்குத் தோன்றியது.

சமதரையில் மிதிவண்டி ஓட்டுகிறவனின் பெரும்பகை காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லக் கால்கள் தரவேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகும். அந்தத் தடையிலும் வண்டியின் பங்கு சிறியது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, ஓட்டுகிறவனின் உடலே காற்றில் நிற்பதனால் வருவது. ஆகவே ஆயிரக்கணக்கில் செலவழித்து வண்டியை மெலிய வைப்பதைக் காட்டிலும், உடம்பை ஒடுக்கி அமர்வது பெரும்பயன் தரும். நேரச் சோதனை வண்டியின் தனிச்சிறப்பும் இதுதான். முழங்கைகளை ஊன்றி முன்னே கைநீட்டிப் படுத்தாற்போல் ஓட்டுவதற்கு, முன்புறம் நீண்ட இரு தண்டுகள் அதில் உண்டு. இருக்கைத் தண்டும் சாதாரணச் சாலை வண்டியைவிடச் செங்குத்தாக நிற்கும். குனிந்தாலும் தொடை வயிற்றில் இடிக்காமல் சுழல்வதற்கே அந்த அமைப்பு.

அந்தத் தண்டுகளின் வல்லமையை உலகம் 1989இல் கண்டது. பிரான்சு நாட்டுச் சுற்றோட்டத்தின் இறுதி நாள். வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் நேரச் சோதனை. அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் 50 வினாடி பின்தங்கியிருந்தார். அவர் அந்தத் தண்டுகளைப் பொருத்திக்கொண்டு ஓட்டினார். முன்னிலையில் இருந்த லொரான் ஃபிஞோன் அவை இன்றி, தலைக்கவசமும் இன்றி, குடுமி காற்றில் பறக்க ஓட்டினார். மூன்று வாரம் 3,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய போட்டி, முடிவில் எட்டு வினாடியில் லெமாண்டின் பக்கம் சாய்ந்தது.

இன்னொருவரின் கதையையும் தம்பிக்குச் சொன்னேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிரேம் ஓப்ரி கடன்சுமையில் இருந்தவர். தம் வண்டியைத் தாமே வடிவமைத்தார்; அதில் துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்குகளைப் பொருத்தினார். கைகளை மார்புக்கடியில் மடக்கி அமரும் புதிய முறையையும் கண்டார். 1993 சூலையில் நார்வே நாட்டு ஹமார் நகரில், அந்த வண்டியில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓடி உலகச் சாதனையை முறியடித்தார்.

தம்பி கேட்டுக்கொண்டிருந்தான், நம்பவில்லை. கதை கேட்டு நம்புகிற வயதை அவன் கடந்துவிட்டான். ஆகவே சோதனை செய்துபார்ப்பது என்று முடிவாயிற்று. நண்பர் ஒருவரின் சாலை வண்டியை இரவல் வாங்கி, அதில் இரவல் தண்டுகளையும் பூட்டினோம். தஞ்சோங் காராங்கைத் தாண்டிச் செக்கிஞ்சான் நெல்வயல்களுக்கு நடுவே வாய்க்காலோரச் சாலை நேராகவும் மட்டமாகவும் செல்லும். காலை ஏழு மணிக்கு அங்கே போய், போக ஐந்து, வர ஐந்து எனப் பத்துக் கிலோமீட்டரை இருமுறை ஓட்டச் சொன்னேன். எதிர்க்காற்றும் பின்காற்றும் ஓரளவு ஈடாகட்டும் என்பதற்காகவே அந்தப் போக்குவரத்து. இரண்டு முறையும் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நிமிர்ந்து ஓட்டியபோது 19 நிமிடம் 40 வினாடி. சற்று ஓய்வுக்குப் பின், தண்டுகளில் முழங்கை ஊன்றி ஓட்டியபோது 18 நிமிடம் 35 வினாடி. வண்டி ஒன்றே, மூச்சு ஒன்றே. ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம். தம்பி என் நோட்டுப்புத்தகத்தை வாங்கி அந்த இரு எண்களையும் வெகுநேரம் பார்த்தான். “அய்யா, இந்தத் தண்டு எவ்வளவு?” என்று கேட்டான். அவன் வினா மாறிவிட்டதை அப்போது அறிந்தேன்.

அதன்பிறகு வந்த மூன்று ஞாயிறுகளும் பழைய வண்டிகளைப் பார்ப்பதிலேயே கழிந்தன. முதலில் அவனை அளந்தோம்: உயரம், காலின் உட்புற நீளம், உடற்பகுதி, கை. சட்டகத்தின் நீளம் அவன் உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால், விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. பெரிய சட்டகத்தைச் சின்ன உடம்புக்கு எந்தத் திருகாணியும் குறைத்துவிடாது. இரண்டாம் விதி, பழைய கார்பன் சட்டகம் வேண்டாம் என்பது. அதன் உள்விரிசல் அனுபவமற்ற கண்ணுக்குத் தெரியாது. அலுமினியமே நமக்குப் போதும். மூன்றாவது, வாங்கிய ரசீதும் சட்டக எண்ணும் ஒத்துப்போக வேண்டும். திருட்டு வண்டியில் ஏறி எவனும் பெருமையோடு ஓட்ட முடியாது. பிறகு சங்கிலித் தேய்மானம், சக்கரத்தின் கோணல், மிதிகட்டை அச்சின் ஆட்டம், கைப்பிடிக் கழுத்தருகே வெடிப்பு ஆகியவற்றைப் பார்த்தோம்.

மூன்றாம் ஞாயிறு ஜெராமில் ஒரு வண்டி கிடைத்தது. கறுப்பு நிறம், இரண்டு இடத்தில் சாயம் உரிந்திருந்தது. ஆனால் தம்பி ஏறி அமர்ந்தபோது, தைத்துப் போட்ட சட்டைபோல் இருந்தது. கணக்கை அப்படியே தருகிறேன், யாருக்கேனும் பயன்படக்கூடும். வண்டி 1,800 வெள்ளி. முன்தண்டுகள் 250. தலைக்கவசம் 250. புதிய டயர்களும் டியூபுகளும் 280. சங்கிலி மாற்றி, கம்பிகள் புதுப்பித்து, இருக்கையைச் சற்று முன்னுக்குத் தள்ளிப் பொருத்திய கூலி 220. மிதிகட்டையும் காலணியும் 350. ஆக மொத்தம் 3,150. மீதி 850 வெள்ளி போட்டிக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும்.

திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. தன் வலிமையை அறிவதையும் தன் வருவாயின் அளவை அறிவதையும் வள்ளுவர் அந்த ஒரே அதிகாரத்துக்குள் வைத்திருக்கிறார். பல ஆண்டுகள் அதை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். இரண்டும் ஒன்றாக நிற்பதன் காரணம், ஜெராமில் அந்தக் கறுப்பு வண்டியின் அருகே நின்றபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

விலையுயர்ந்த வண்டியை நான் பழிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் பயின்று, உடம்பை அந்தக் குனிந்த நிலைக்குப் பழக்கி, ஒவ்வொரு வினாடிக்கும் போராடுகிறவனுக்கு அது நியாயமான கருவியே. அதற்கும் ஓர் எல்லை உண்டு. பிறர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி ஓட்ட அனுமதிக்கும் போட்டிகளில், கூட்டத்தில் பிரேக்கைவிட்டுக் கை எட்டிநிற்கும் அத்தகைய வண்டிக்கு இடமில்லை. முதல் வண்டி வாங்குகிறவன், தான் எந்தப் போட்டியில் எத்தனை முறை ஓட்டப்போகிறான் என்பதையே இன்னும் அறியாதவன். சாலை வண்டியிலிருந்து தண்டுகளைக் கழற்றிவிட்டால், மறுநாள் அதே வண்டியில் வேலைக்கும் போகலாம்.

ஐந்து மாதம் கழித்துப் போர்ட்டிக்சனில் நடந்த ஒரு போட்டியில் தம்பி கலந்துகொண்டான். நானும் போயிருந்தேன்; அவன் தாயும் வந்திருந்தார். நாற்பது கிலோமீட்டரை அவன் ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தான். அவனைக் கடந்து சென்ற விலையுயர்ந்த வண்டிகள் பல. அவன் கடந்து சென்றவையும் சில. ஓட்டத்தில்தான் தோட்டத்துக் கால் தன்னைக் காட்டியது. மொத்தத்தில் நடுவரிசையில் முடித்தான். பதக்க மேடையில் அவன் ஏறவில்லை. அவ்வாறு ஏறுவான் என்று நாங்களும் எண்ணவில்லை.

முடிவுக்கோட்டருகே, வியர்வையும் உப்புமாக வந்த மகனின் முகத்தை அந்த அம்மாள் முந்தானையால் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “வாத்தியாரய்யா, சங்கிலி கழுத்துலயே இருக்குங்க” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்தக் கடன் விண்ணப்பம் பிணையாளர் கையொப்பம் இல்லாமல் இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

என் அப்பா 2004இல் காலமானார். நீல வண்டி எனக்குப் பெரியது என்பது வாங்கிய அன்றே எனக்குத் தெரியும் என்று அவரிடம் ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என நினைத்திருந்தேன். நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். பாலும் வாளியும் சுமந்து தம் வண்டியின் அளவையும் தம் வலிமையின் அளவையும் நன்கறிந்திருந்த அந்த மனிதர், மகனின் ஆசையின் அளவை மட்டும் கேட்காமலேயே விலை கொடுத்தார். அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான், தம்பியை அளவு நாடாவோடு நிற்கவைத்து, வேறொரு விதமாகச் சொல்லியிருக்கிறேன் போலும்.