பழைய சிவிஎஸ்ஸை ஏன் விடவில்லை

நிரலில் யார், எந்தத் தேதியில், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று குறித்து வைக்கும் கருவிகள் ஐம்பது வருடங்களாகவே இருக்கின்றன. 1972-ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ் முன்னோடி. பிறகு ஆர்சிஎஸ், அதன் மேல் கட்டிய சிவிஎஸ். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எழுதிய பிறகு மெல்ல மெல்லப் பெரும்பாலானோர் அங்கே குடிபெயர்ந்தார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு எங்கள் அலுவலகமும் மாறியது. "இனி எக்லிப்ஸில் சிவிஎஸ் எதற்கு சார்? சர்வரையும் அணைத்துவிடலாம்" என்றார்கள் இளைஞர்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய கருவியைக் கட்டி மேய்க்க ஓர் ஆளின் நேரம் போகும்; பாதுகாப்புக்கும் ஆபத்து.

ஆனால் ஒரு சிக்கல். சிவிஎஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனிப் பதிப்பு எண் கொடுக்கும். ஒரே வேலைக்காகப் பத்துக் கோப்புகளை மாற்றினாலும், அவை ஒரே மாற்றம் என்று குறித்து வைக்காது. கிட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள், ஒரே ஆள், ஒரே குறிப்பு, அடுத்தடுத்த நேரம் என்று பார்த்து ஊகித்துத்தான் சேர்க்கும். அந்த ஊகத்தை நம்பாமல், நிரலின் கடைசி நிலையை மட்டும் கிட்டில் ஏற்றினோம். அப்படியானால் பதினைந்து வருட வரலாறு சிவிஎஸ்ஸில் மட்டும்தான். வாதாடி, வெளியிலிருந்து தொட முடியாத ஒரு கணினியில், படிக்க மட்டும் என்று வைத்தோம். எக்லிப்ஸிலும் அதைப் பார்க்கும் வசதியை எடுக்கவில்லை.

மறு வருடம், வட்டிக் கணக்கில் தேவையில்லாதது போலத் தெரிந்த ஒரு நிபந்தனையை நீக்கலாமா என்று ஒரு பெண் பொறியாளர் கேட்டார். கிட்டில் அதற்கு ஒரு விளக்கமும் இல்லை. சிவிஎஸ்ஸில் தேடினால் ஒரு குறிப்பு: "பிப்ரவரி 29-ல் தொடங்கும் வைப்புகளுக்கு. வாடிக்கையாளரிடம் கேட்டு உறுதி செய்தேன்." எழுதிய நண்பர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவரிடம் கேட்க வேறு வழி இல்லை. நிபந்தனை அப்படியே இருந்தது.

ஈமாக்ஸில் இன்றும் ஆர்சிஎஸ், சிவிஎஸ் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலாம். அதை வைத்திருப்பவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. புது வேலையைப் பழைய கருவியில் செய்ய வேண்டாம். படிக்கிற வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.