அத்தானின் வாகனமும் அப்பியாசக் கொப்பியும்

பத்திரிகைத் துறையில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு வாகனங்களைப் பற்றி எழுதும் வாய்ப்பு ஒருபோதும் கிட்டியதில்லை. சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிளுக்கு மேல் நான் எதையும் வைத்திருந்ததுமில்லை. கொழும்பில் இன்றும் பேருந்திலும் முச்சக்கர வண்டியிலுமே போய்வருகிறேன். ஆயினும் 2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் தொடக்கம், லெக்சஸ் ஆர்எக்ஸ் எனப்படும் சொகுசு வாகனத்தின் நுட்பங்களைப் பற்றி வாரத்துக்கு இரண்டு தடவையாவது விளக்கமளிக்க வேண்டியவனானேன். காரணம், கனடாவின் மார்க்கம் நகரில் வாழும் என் அத்தான்.

அத்தான் ஒரு காலத்தில் வடமராட்சியில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டியவர். 1990இல் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட பின்னர், சோடாப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அதன் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையில் கைதேர்ந்தவர். எஞ்சினின் இருமலை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவார். 1992இல் கனடா சென்றவர், ஓர் உலோகத் தொழிற்சாலையின் இரைச்சலுக்குள் இருபத்தெட்டு ஆண்டுகள் நின்றார். அந்த இரைச்சல் அவரது கேட்கும் திறனில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்றதும் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து, 2018ஆம் ஆண்டின் ஆர்எக்ஸ் 450எச் ஒன்றை, பாவித்த வாகனமாகத்தான், வாங்கிக் கொடுத்தார்கள். அதனோடு வந்த கையேடோ பல நூறு பக்க ஆங்கிலம். பிள்ளைகளுக்கு நேரமில்லை. "தம்பி, நீ இங்கிலிஷ் படிச்சனிதானே" என்று பக்கங்களைப் படம்பிடித்து அனுப்பத் தொடங்கினார்.

முதற் கேள்வியே, "இதை எந்த நேரம் கறன்ரில செருகிறது?" என்பதாகத்தான் இருந்தது. செருகத் தேவையில்லை, செருக இடமும் இல்லை என்றேன். கலப்பின வாகனம் எனப்படும் இவ்வகை, பிறேக் பிடிக்கும்போது வீணாகும் வலுவை மின்சாரமாக மாற்றிப் பெரிய மின்கலத்தில் சேமிக்கிறது. போதாதபோது எஞ்சின் தானே இயங்கி நிரப்பிக்கொள்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றும் ஆர்எக்ஸ் வகை, 450எச் பிளஸ் என்ற பெயரில் பின்னர்தான் வந்தது.

அடுத்த வாரம் பெரும் முறைப்பாடு. "லைற்றில நிக்கேக்க எஞ்சின் செத்துப்போகுது. எங்களை ஏமாத்திப்போட்டாங்கள் போல கிடக்கு." சாகவில்லை அத்தான், உறங்குகிறது என்றேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. நின்றுபோன எஞ்சினை வீதியோரத்தில் உயிர்ப்பிப்பதற்கே வாழ்வின் நல்ல ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவருக்கு, நின்றாலும் வாகனம் ஓடும் என்பதை ஏற்பது எளிதன்று.

பனிக்காலம் தொடங்கியதும் மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. படத்தைப் பார்த்தேன், ரயர் காற்றழுத்த எச்சரிக்கை. வெப்பநிலை ஐந்தாறு பாகை செல்சியஸ் குறைய, அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஓர் இறாத்தல் குறையும். எனவே முதற் குளிர் இறங்கும் காலையில் ரயரில் ஓட்டை எதுவும் இல்லாமலே இவ்விளக்கு எரியக்கூடும். வாகனம் ஓடிச் சூடேறுவதற்கு முன் அளந்து, சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். ரயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அத்தான் அந்த எண்ணுக்கே அடித்து வைத்திருந்தார். நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்துக்குக் குளிர்கால ரயர் எதற்கு என்றும் கேட்டார். நான்கு சில்லும் இழுப்பது புறப்படத்தான் உதவும். பனியில் நிற்பதற்கும் திரும்புவதற்கும் ரயர் ஒன்றே துணை.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. ஜப்பானில் ஹரியர் என்ற பெயரோடு 1997இன் இறுதியில் வெளிவந்து, மறு ஆண்டு லெக்சஸாக வட அமெரிக்கா சென்ற இவ்வாகனம், 2003 முதல் கனடாவிலும் செய்யப்படுகிறது. செய்யப்படும் ஊரின் பெயர் கேம்பிரிட்ஜ்! அடித்தட்டு இலக்கம் 'ஜே'யில் தொடங்கினால் ஜப்பானில் செய்தது, 2இல் தொடங்கினால் கனடாவில் செய்தது. முன்கண்ணாடியின் கீழே பார்த்துவிட்டு, "இரண்டு" என்றார் அத்தான். பழைய கேம்பிரிட்ஜை நினைவூட்டினேன். தொலைபேசியில் நீண்ட நேரம் சிரித்தார்.

2025 தை மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். வாகனத்தின் திறப்பு ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் உறங்கியது. திறப்பின் அலையை வீட்டுக்கு வெளியே நின்று பிடித்து வாகனத்தைக் கடத்தும் திருடர்கள் அங்கு பெருகிவிட்டதால், அலையை மறிக்கும் பையிலோ உலோகப் பெட்டியிலோ திறப்பை வைக்கச் சொல்கிறார்கள். தகரம் உண்மையிலேயே மறிக்கிறதா என்பதைத் தகரத்தோடு வாகனத்தருகே போய்க் கதவைத் திறந்து பார்த்தே அறியலாம். திறந்தால் தகரம் பயனில்லை. அக்காவின் தகரம் சோதனையில் தேறியது.

நான் போய் நான்காம் நாள், ஒரு திருமண வரவேற்பிலிருந்து இரவு பத்தரைக்குத் திரும்பினோம். அத்தான் வாகனத்தைக் கராஜுக்குள் விட்டு, அக்கா இறங்கக் கைகொடுத்து, சாப்பாட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். எல்லோரும் உறங்கினர். பயணக் களைப்பு மாறாத எனக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. பதினொன்றரை இருக்கும், சுவருக்கு அப்பால் ஓர் எஞ்சின் இயங்கத் தொடங்கும் ஓசை கேட்டது. திருடன் என்றே நினைத்தேன். கராஜ் கதவைத் திறந்தால் ஆள் ஒருவரும் இல்லை. முகப்பு விளக்குகள் ஒளிர, புகைபோக்கி நடுங்க, வாகனம் தன்பாட்டில் இயங்கிக்கொண்டிருந்தது.

அத்தான் அதை அணைக்கவேயில்லை. கராஜுக்குள் வந்தபோது மின்சாரத்தில் வந்தது. சத்தமில்லை. சத்தமில்லாவிட்டால் நின்றுவிட்டது என்பதே அவருடைய வாழ்நாள் அனுபவம். திறப்பைச் சட்டைப் பையோடு கொண்டு போனபோது வாகனம் கீச்சிட்டு எச்சரித்திருக்கும். அது அவர் காதில் விழவில்லை. எனக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் பொருட்படுத்தவில்லை. மின்கலம் இறங்க இறங்க, எஞ்சின் தானே எழுந்து இயங்கி, மறுபடி ஓய்ந்திருக்கிறது. கராஜுக்கு நேர் மேலே பேத்தியின் படுக்கையறை.

கராஜின் பெரிய கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தி, மூச்சை அடக்கி ஓடிப்போய் வாகனத்தை அணைத்தேன். பிறகு எல்லோரையும் எழுப்பிப் போர்வைகளோடு பனிக்குள் கொண்டுவந்து நிறுத்தினோம். மருமகன் 911ஐ அழைத்தார். தீயணைப்புப் படையினர் அறையறையாக அளந்து, காற்றோட்டம் செய்த பின்னரே எங்களை உள்ளே விட்டனர். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவனை அது எழுப்புவதுமில்லை. கராஜ் ஒட்டிய வீடுகளில் இதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டுமென்பது ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டம். அத்தான் வீட்டிலும் கருவி இருந்தது. பற்றறி தீர்ந்து அடிக்கடி கீச்சிட்டதால் அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் 2006 முதல் இவ்வாறு திறப்பில்லா வாகனங்களை அணைக்க மறந்து இரண்டு டசினுக்கும் அதிகமானோர் இறந்ததாக நியூயோர்க் ரைம்ஸ் 2018இல் எழுதியிருந்தது. 2020ஆம் ஆண்டின் வாகனங்கள் முதல், குறித்த நேரத்தின் பின் தானாக அணையும் வசதியைச் சேர்ப்பதாக டொயோட்டா அறிவித்தது. அத்தானின் வாகனம் அதற்கு இரண்டு ஆண்டு மூத்தது. கையேட்டில் இந்த எச்சரிக்கை தெளிவாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. பெற்றோல் எது, ரயர் எது என்று அவர் கேட்டவற்றுக்கெல்லாம் மூன்று மாதம் விடை சொன்ன நான், அவர் கேட்காத அந்தப் பக்கத்தைச் சொல்லவில்லை. செய்தியில் எது முதற் பந்தியில் வரவேண்டும் என்று இளையவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான்.

மறுநாள் அத்தான் யாருடனும் பேசவில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு சன்னலருகே இருந்தார். வாகனத்தை விற்றுவிடலாம் என்று மாலையில் சொன்னார். நான் கடைக்குப் போய் ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கி வந்தேன். மூன்று நாள் இருந்து, அந்தக் கையேட்டில் அவருக்கு வேண்டியதைத் தமிழில் எழுதினேன். முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில்: இறங்குமுன் பொத்தானை அழுத்து, முகப்புத் திரை இருண்டதா என்று கண்ணால் பார், காதை நம்பாதே. அதன் பின்னரே ஏனையவை. திறப்பின் பற்றறி தீர்ந்தால் திறப்பை இயக்கும் பொத்தானில் தொட்டுப் பிடிக்க வேண்டும். பின் இருக்கையின் கீழுள்ள காற்றுத் துவாரம் மின்கலத்தைக் குளிர்விப்பது, அதைப் பைகளால் அடைக்கலாகாது. உயர்தரப் பெற்றோல் 'வேண்டும்' என்பதும் 'விரும்பத்தக்கது' என்பதும் வெவ்வேறு. புதிய பற்றறியோடு எச்சரிக்கைக் கருவி பேத்தியின் அறை வாசலுக்குப் போனது. விற்கும் பேச்சு பிறகு எழவில்லை.

சித்திரையில் மீண்டும் அழைத்தார். கோடைகால ரயர் மாற்றியாயிற்றாம். நட்டுகளைத் திரும்பவும் இறுக்கிப் பார்க்க வேண்டுமா என்பது கேள்வி. நூறு கிலோமீற்றர் ஓடிய பின் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். "பொறு, கொப்பியில எழுதுறன்" என்று பேனை தேடப் போனார்.