அண்ணனுக்கு நான் நடத்திய பாடம்

உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் பழைய ரப்பர் வளையம் ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். வாங்கிய புதிதில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கிய அந்த வளையம் இப்போது பிசுபிசுவென்று காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது தொட்டவுடன் துண்டு துண்டாக உதிரும். எலி கடிக்கவில்லை, எறும்பு அரிக்கவில்லை. காற்றிலுள்ள பிராணவாயுதான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. என் தகப்பனார் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். ஒரு நாள் அம்மா பித்தளைத் தூக்கில் அவருக்குக் கஞ்சி கொண்டு போனார். "அதைப் பால் தொட்டிப் பக்கம் வைக்காதே!" என்று அப்பா பதறியது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. செம்பு இம்மியளவு பாலில் கலந்தாலும் சீட் ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெட்டுவிடும் என்பது ஸ்டோர்க்காரர்களுக்குத் தெரியும். பித்தளையில் செம்பு இருக்கிறதல்லவா? காரணம் அப்பாவுக்குத் தெரியாது. நான் இரசாயனம் படித்து, ஆசிரியர் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கும் விளங்கியது. பிராணவாயு ரப்பரைத் தாக்கும் வேலையைச் செம்பு துரிதப்படுத்துகிறது.

இந்த விஷயத்தை நான் இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்ததுதான் பிற்பாடு என் அண்ணனுக்கு வினையாக முடிந்தது.

அண்ணன் சிறு வயதில் அம்மாவோடு மரம் வெட்டப் போனவர். பிறகு தோட்டத்தை விட்டு வெளியேறி லோரி ஓட்டினார். நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். 1998-இல், ஐம்பத்திரண்டாவது வயதில், அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள இன்னொன்று என்று கொடுத்து அனுப்பினார்கள். அண்ணனுக்கு மாத்திரை என்றாலே பிடிக்காது.

அந்தச் சமயத்தில்தான் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, வைட்டமின் ஈ அடங்கிய மாத்திரைப் போத்தல்களை மேசை மேல் அடுக்கினார். நேரடி விற்பனை. மாதம் நூற்றெண்பது வெள்ளி ஆகும். அண்ணன் என் முகத்தைப் பார்த்து, "தம்பி, நீ படிச்சவன். இது சரியா சொல்லு" என்றார்.

நான் பாடம் நடத்தத் தொடங்கினேன். வாசகர்களே, அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டி என்ற ஊரில் ஒரு ரப்பர் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. மலாயா முதலிய நாடுகளிலிருந்து ஏற்றுமதியான ரப்பரின் மீது வசூலித்த தீர்வைப் பணத்தில் நடந்தது அது. நம் பாட்டன்மார் சுமந்த காண்டா வாளிப் பால்தான் அந்தப் பணம் என்று நான் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. (இன்று அது துன் அப்துல் ரசாக் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் ஹெர்ட்போர்டுக்கு அருகே இருக்கிறது.) ரப்பர் ஏன் கெடுகிறது என்று அங்கே ஆராய்ந்த போலண்ட், ஜீ என்ற இருவர், ரப்பர் மிகவும் சிக்கலான பொருள் என்பதால் அதற்குப் பதில் லினோலியேட் என்ற எளிய கொழுப்புப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். சமையல் எண்ணெய்களில் உள்ள கொழுப்பின் நெருங்கிய சொந்தம் அது. 1946-இல் விடையை வெளியிட்டார்கள்.

லாலாங் காட்டில் தீப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு புல் பற்றினால் அது அடுத்ததைப் பற்ற வைக்கும். கொழுப்பிலும் இப்படித்தான். ஒரு மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அணுவை இழந்து நிற்கிறது. அதற்கு ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். அது பிராணவாயுவைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு பக்கத்து மூலக்கூற்றிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்தது தன் பக்கத்திலுள்ளதிடம் பறிக்கிறது. இந்தத் தொடரை அறுக்க, தன் ஹைட்ரஜனைத் தானே கொடுத்துவிட்டு அடங்கிப் போகிற ஒரு பொருள் வேண்டும். அதுதான் ஆன்ட்டி ஆக்ஸிடன்ட். டயர் செய்பவர்கள் ரப்பரில் அதைக் கலந்துதான் செய்கிறார்கள். கித்தா மரமே தன் பாலில் கொஞ்சம் வைத்திருக்கிறது. 1960-களில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் கித்தாப் பாலில் டோகோட்ரையினால் என்ற பொருளைக் கண்டார்கள். செம்பனை எண்ணெயிலும் அது உண்டு. அது வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்தது!

இங்கேதான் என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அண்ணி அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டார்கள்.

உடலுக்குள்ளும் இதே தீ உண்டு என்பதை நிலைநாட்டியவர்கள் உயிர் இரசாயன விஞ்ஞானிகள். மாட்டு இரத்தத்தில் செம்பு கலந்த நீலப்பச்சைப் புரதம் ஒன்றை 1938-லேயே கேம்பிரிட்ஜில் பிரித்தெடுத்திருந்தார்கள். அது எதற்காக இருக்கிறது என்று முப்பது வருடம் ஒருவருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இர்வின் ஃபிரிடோவிச் என்பவரும் அவருடைய மாணவர் ஜோ மெக்கார்டும் 1969-இல் கண்டுபிடித்தார்கள். பிராணவாயுவிலிருந்து உடலுக்குள் உண்டாகும் சூப்பராக்சைடு என்ற ராடிக்கலைப் பிடித்து அடக்குவதே அதன் வேலை! ரப்பரைக் கெடுக்கிற அதே செம்பு, புரதத்துக்குள் முறையாகக் கட்டுப்பட்டிருக்கும்போது நம்மைக் காக்கிறது. நான் வியந்த விஷயங்களில் இது ஒன்று.

பிறகு இருதயம். கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்கள் இரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து பிராணவாயுவால் கெட்டுப்போனால், அவற்றை வெள்ளை அணுக்கள் அளவில்லாமல் விழுங்குகின்றன. விழுங்கி, கொழுப்பு நுரை நிறைந்த பைகளாகி, அங்கேயே தங்கிவிடுகின்றன. அடைப்புக்கு அதுவே தொடக்கம் என்று டேனியல் ஸ்டெய்ன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 1989-இல் விளக்கி எழுதினார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்.டி.எல்.லைக் கெடுத்துப் பார்க்க அவர்கள் எதைப் போடுகிறார்கள், தெரியுமா? செம்பு உப்பு! அப்பாவின் பித்தளைத் தூக்கு கண் முன்னே வந்தது.

"ஆகையால் அண்ணே, டயருக்கு எப்படியோ, இரத்தக்குழாய்க்கும் அப்படியே" என்று முடித்தேன். அப்போது எனக்குப் பக்கபலமும் இருந்தது. 1993-இல் அமெரிக்காவில் 87,245 தாதியரைத் தொடர்ந்து கவனித்ததில், வைட்டமின் ஈ மாத்திரையை இரண்டு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே இருந்தது. அந்தச் செய்தியைப் படித்து வெட்டி வைத்திருந்தேன்.

அண்ணன் அந்த மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டார். நான் அறியாத விஷயம் ஒன்று உண்டு. நூற்றெண்பது வெள்ளி மருந்து இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று, ஆஸ்பத்திரி மாத்திரைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார். சிகரெட்டையும் விடவில்லை. "அதான் நீ சொன்ன சாமான் உள்ளே போய் அணைச்சிடுமே" என்று ஒரு முறை சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு இழுப்பு சிகரெட் புகையில் கோடானுகோடி ராடிக்கல்கள் உள்ளே போகின்றன என்பது எனக்குத் தெரியும். அன்று சொல்லவில்லை.

2001 தீபாவளி கழிந்த இரண்டாவது வாரம், லோரியை ஓரம் கட்டிவிட்டு அண்ணன் ஸ்டீரிங்கின் மேல் சாய்ந்துவிட்டார். இரண்டாவது மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், "என்ன மருந்து சாப்பிட்டார்?" என்று கேட்டார். அண்ணி போத்தலை எடுத்து நீட்டினார்கள். டாக்டர் கோபப்படவில்லை. "சார், இதைச் சோதித்துப் பார்த்து முடிவும் வெளியாகிவிட்டதே, போன வருடமே" என்றார்.

அந்தச் சோதனையைத் தேடிப் படித்தேன். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் டாக்டர் சலீம் யூசுப் என்பவரும் அவருடைய குழுவினரும் நடத்தியது. 55 வயதுக்கு மேற்பட்ட, இருதய ஆபத்து மிகுந்த 9,541 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நாள்தோறும் வைட்டமின் ஈ. மறு பாதிக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிட்டவருக்கும் தெரியாது, கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. சராசரி நாலரை வருடம் நடந்தது. வைட்டமின் சாப்பிட்ட 4,761 பேரில் 772 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ இருதய மரணமோ நேர்ந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 4,780 பேரில் 739 பேருக்கு நேர்ந்தது. அதாவது எந்தப் பலனும் இல்லை.

2002-இல் பிரிட்டனில் 20,536 பேரிடம் இன்னொரு சோதனை முடிந்தது. வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். இரத்தத்தில் வைட்டமின் ஈ இரண்டு மடங்கானது. மாரடைப்பு குறையவில்லை. அதே ஆட்களிடம் சோதித்த கொலஸ்ட்ரால் மாத்திரையோ, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஏறக்குறைய கால் பங்கு குறைத்தது. அண்ணன் நிறுத்தியவற்றில் அதுவும் ஒன்று.

அப்படியானால் அந்தத் தாதியர் கணக்கு? அவர்கள் தாங்களாகவே வைட்டமின் வாங்கிச் சாப்பிட்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் பொதுவாகத் தங்கள் உடம்பை மற்ற விதங்களிலும் பேணுகிறவர்கள். நலம் அங்கிருந்து வந்திருக்கலாம், மாத்திரையிலிருந்து அல்ல. சீட்டுக் குலுக்கிப் பிரித்தால்தான் இது வெளியே தெரியும். இரசாயனம் படித்த நான் இதை யோசிக்கவே இல்லை.

ரப்பர் உயிரில்லாத பொருள். அதில் மருந்தைப் போட்டுப் பிசைந்தால் எங்கும் சமமாகப் பரவி நிற்கும். உடம்பு அப்படியல்ல. வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கே இந்த ராடிக்கல்களைப் பயன்படுத்துகின்றன. வைட்டமின் ஈயும் தன் ஹைட்ரஜனைக் கொடுத்தபின் தானே ஒரு ராடிக்கலாகி நிற்கிறது, அதை மீட்க இன்னொன்று வரவேண்டும். தீ இருப்பது உண்மை. அதன் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிடலாம் என்று நான் நினைத்ததுதான் பிழை. புகையையும் இரத்தக் கொதிப்பையும் கொழுப்பையும் நிறுத்தினால் எரிவதற்குப் பொருள் குறையும். டாக்டர்கள் அந்த வழியில்தான் போனார்கள்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. கட்டிலில் படுத்தபடி, "நீ சொன்னது ரப்பருக்குச் சரிதானே தம்பி?" என்று மட்டும் கேட்டார். சரி என்றேன். அன்றோடு சிகரெட்டை விட்டார். இருதயம் பலவீனப்பட்டுவிட்டதால் லோரி ஓட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து, பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்வார். பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போவார். 2013 வரை இருந்தார்.

போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா ஒரு போத்தலோடு வந்தார். வீட்டுக்காரருக்கு இருதயத்தில் குழாய் அடைப்பாம். புதுப் பெயர், பளபளப்பான லேபல், ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் என்று தங்க எழுத்து. "நீங்க சயன்ஸ் வாத்தியாராச்சே, சொல்லுங்க சார்" என்றார். வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு எத்தனை பேரிடம், எத்தனை வருடம் சோதித்தார்கள் என்று விற்றவரிடம் கேட்கச் சொன்னேன். ஆஸ்பத்திரி மாத்திரையில் ஒன்றைக்கூட டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். பழமும் கீரையும் தாராளமாகக் கொடுங்கள், பலமுறை காய்ச்சிய எண்ணெயில் பொரித்ததைக் குறையுங்கள் என்றேன்.

"அப்போ இதை என்ன சார் செய்யறது? காசு கொடுத்து வாங்கினதாச்சே" என்றார்.

என்னிடமும் மூன்று போத்தல் இருக்கிறது என்றேன்.