'தாத்தா அல்ஜீரியாவுல சண்டை போட்டாரா அப்பாயி?' - கோட்டை பார்க்கப் போன காரைக்கால் குடும்பம்

வெயில் ஏறுவதற்குள் தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். காரைக்காலிலிருந்து பூவம் தாண்டி, பொறையார் வழியாகக் கொஞ்ச நேரப் பயணம்தான். ஆனால், அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்துக் கிளம்பவே பத்து மணியாகிவிட்டது.

காரில் 82 வயது அப்பாயி, மகன், மருமகள், 14 வயதுப் பேரன். மகன் குடும்பம் பாரிஸ் புறநகரில் இருக்கிறது, லீவுக்கு வந்திருக்கிறார்கள்.

டேன்ஸ்பர்க் கோட்டை, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கியது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இப்போது தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டுகள், சீனத் தேயிலை ஜாடிகள், திமிங்கில எலும்புகூட உண்டு. மருமகள் ஜாடிகளிடமே நின்றுவிட்டார். பாரிஸில் அன்வாலிட் ராணுவ மியூசியத்தைப் பார்த்த பேரனுக்கோ, "இவ்வளவுதானா?" என்றிருந்தது.

கடலைப் பார்த்து நிற்கும் பீரங்கி அருகே நிழலில் அப்பாயி உட்கார்ந்திருந்தார். பேரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அப்பாயி, தாத்தா அல்ஜீரியாவுல சண்டை போட்டாரா?"

மகன் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது.

காரைக்காலிலும் புதுச்சேரியிலும் 'சொல்தா வீடு' என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் வீடு. பிரெஞ்சு பென்ஷன் வரும் என்பதால் கல்யாணச் சந்தையில் அதற்குத் தனி மரியாதை! தாத்தா 1953-ல், 18 வயதில் சேர்ந்தார். அடுத்த வருடம் நவம்பர் 1-ம் தேதி, காரைக்கால் உட்பட்ட பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதே நாளில்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. 1962 ஜூலை 5-ல் அல்ஜீரியா சுதந்திர நாடு. ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 16-ல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். தாத்தா எழுதிக் கொடுத்தார்.

சொந்த ஊரிலிருந்து பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகும், இன்னொரு ஊரில் அது இறங்காமலிருக்கத் துப்பாக்கி பிடித்தவர் அவர். பிரான்ஸே அதைப் 'போர்' என்று சட்டத்தில் ஒப்புக்கொண்டது 1999-ல்தான். அதுவரை 'ஒழுங்கு காக்கும் நடவடிக்கை'.

"எதுக்குடா கேக்குற?"

"என் கிளாஸ்ல ஒரு ஃப்ரெண்ட். அவன் தாத்தா அந்தப் பக்கம். 'உன் தாத்தா எங்க இருந்தார்'னு கேட்டான். நான் ஒண்ணும் சொல்லல."

அப்பாயி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"1960-ல லீவுல வந்து கட்டிக்கிட்டாரு. மறுபடி போயிட்டாரு. கடுதாசி வரும். சாப்பிட்டியா, அம்மாவுக்கு உடம்பு எப்படி, அவ்வளவுதான். ஊர் பேரு போடமாட்டாரு. எஸ்.பி.ன்னு போட்டு ஒரு நம்பர்தான் இருக்கும். வந்தப்புறம் ஒருதடவ கேட்டேன். எந்திரிச்சு கொல்லப்பக்கம் போயிட்டாரு. அப்புறம் நான் கேக்கல."

"அப்பா செத்து பத்து வருஷமாச்சு. இப்ப எதுக்கும்மா அது?" என்றார் மகன்.

"அவன் கேக்குறான்ல."

கோட்டையில் வேறு எதையும் பார்க்கவில்லை. கட்டுச்சோற்றைக்கூடப் பிரிக்காமல் வீட்டுக்கு வந்தாயிற்று. அப்பாயி டிரங்குப் பெட்டியைத் திறந்து, மெடலைத் தள்ளிவைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்தார். மேலே இருந்த உறையைப் பேரனிடம் நீட்டினார். ராணுவத் தபால் நம்பர் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

"இத வச்சு ஊரக் கண்டுபிடிச்சுடலாம் அப்பாயி" என்று போனை எடுத்தான்.

"இரு. அந்தப் பையனோட தாத்தாவுக்கு எந்த ஊரு?"

"தெரியாது."

"மொதல்ல அதக் கேளு."

பாரிஸில் அப்போது காலை நேரம். பேரன் நண்பனுக்கு மெசேஜ் அனுப்பினான். அப்பாயி உறையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.