பூசணித் தோட்டத்தில் ஒரு போகம்

கல்லூரியிற் பதினெட்டு ஆண்டுகளாகத் தாவரவியல் கற்பித்து வருபவன் நான். ஆண்பூ எது, பெண்பூ எது என்று மாணவருக்குக் காட்டுவதற்குப் பூசணியைப்போல் வாய்ப்பான கொடி வேறில்லை. பெரிய பூ, தெளிவான உறுப்புகள், பின்வரிசைப் பையனுக்கும் விளங்கிவிடும். அத்தகைய நான், 2022ஆம் ஆண்டின் இறுதியில், நாவுலைக்கு அண்மையிலுள்ள எங்கள் காணியில் ஆயிரம் பூசணிக் குழிகளுக்கு நடுவே நின்று, ‘இத்தனை பூத்தும் ஒரு பிஞ்சுகூட இல்லையே!’ என்று கலங்கினேன் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அன்று எனக்கு நகைப்பு வரவில்லை.

அவ்வாண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை எவரும் மறந்திருக்கமாட்டார். இரசாயனப் பசளை இறக்குமதி 2021 மே மாதத்தில் தடை செய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீங்கியபோதிலும் வயல்கள் பழைய நிலைக்கு மீளவில்லை. அதன்பின் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசை. அரச ஊழியர் வீட்டில் உணவு பயிரிடுவதற்கென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க 2022 ஜூனில் அமைச்சரவை இசைந்தது. பெற்றோல் இன்மையாற் பாடசாலைகளும் சில வாரங்கள் மூடிக்கிடந்தன. சம்பளம் பாதி மாதத்துக்கே போதாமற் போயிற்று. மூத்தவள் பல்கலைக்கழகப் பிரவேசத்துக்குக் காத்திருந்தாள்.

அப்பாவின் காணி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இளமையிலிருந்து தோட்டத்தில் றப்பர் வெட்டி உழைத்தவர் அவர்; ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியைக்கொண்டு ஒன்றரை ஏக்கர் வாங்கிப்போட்டார். நாங்கள் அதனைத் திரும்பியும் பார்த்ததில்லை. “பூசணி போடுவோமடா. தண்ணீர் அதிகம் கேட்காது, பறித்து வைத்தாலும் மாதக்கணக்கிற் கெடாது” என்றார். மனைவி தன் இரண்டு வளையல்களைக் கழற்றித் தந்தாள். அவற்றை அடகு வைத்த பணத்திலேதான் வேலியும் விதையும் மாட்டெருவும் வந்தன.

ஒக்டோபர் மழையோடு நட்டோம். எட்டடிக்கு ஒரு குழி. குழிக்கு ஒரு கூடை மக்கிய எரு. விதை, திணைக்களம் சிபாரிசு செய்யும் ருகுணு இனம். முளைத்த இரு விதையிலைகளும் விரியுமுன்னரே செம்மஞ்சள் நிற வண்டுகள் வந்து அவற்றைச் சல்லடையாக்கின. இவ்வண்டு வெயில் ஏறிவிட்டாற் பறந்துவிடும். விடியற்காலையிலோ குளிரில் மந்தமாக இருக்கும். ஆதலால் அதிகாலையில் டோர்ச் விளக்கோடு சென்று கையாற் பிடித்துச் சவர்க்கார நீரில் இட்டோம். அப்பா அடுப்புச் சாம்பலைத் தூவினார். அந்தத் தொல்லை இவ்வளவில் அடங்கிற்று.

பூத்தது கொடி. தோட்டம் முழுவதும் பொன்னிறம். எல்லாம் ஆண்பூ! பக்கத்துக் காணிக்காரர் ஒரு சிங்கள முதியவர். ஊரில் எல்லோரும் அவரைச் சீயா என்றே அழைப்பர். என் முகவாட்டத்தைக் கண்டு, தமக்குத் தெரிந்த தமிழிற் சொன்னார்: “இரண்டு கிழமை பொறுங்க, சேர். முதலில் மாப்பிள்ளைமார் வந்து காத்திருப்பாங்க. பொம்பிளைங்க பிறகுதான் வருவாங்க.” பாடப்புத்தகத்தில் இருப்பதும் இதுவே. பூசணி முதலில் ஆண்பூக்களையே ஈன்று, பின்னரே காம்படியிற் சின்னஞ்சிறு காயைச் சுமந்த பெண்பூக்களைத் தருகின்றது. நான் கரும்பலகையில் எழுதியதுண்டு; தோட்டத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

பெண்பூக்கள் வந்தபோது அடைமழை. பூசணிப்பூ விடியலில் விரிந்து முற்பகலிலேயே மூடிவிடும். அதற்குள் மகரந்தம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மகரந்தமோ பாரமானது, பிசுபிசுப்பானது. காற்று அதனைச் சுமக்காது. தேனீதான் வேண்டும். மழையில் தேனீ வெளிவருமா? பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்தன. விடுமுறை நாட்களிலும் சனி ஞாயிறுகளிலும் நானும் மனைவியும் மக்களும் ஆளுக்கு ஒரு பாத்தியாகப் பிரித்துக்கொண்டு, ஆண்பூவைப் பறித்து இதழ் களைந்து, பெண்பூவின் நடுவே தடவினோம். முதுகு முறிந்தது. எனினும், அப்படித் தொட்ட பிஞ்சு நான்கு நாளிற் கோழி முட்டையளவு ஆவதைக் காண்பதில் ஓர் இன்பம் உண்டு. அதனைப் பரீட்சைத் தாள் திருத்துவதில் நான் ஒருபோதும் கண்டதில்லை.

பிஞ்சு பிடித்ததும் பழ ஈ வந்தது. பெண் ஈ இளங்காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். வெளியே குண்டூசி முனையளவு புள்ளி, அதில் ஒரு துளி பிசின், உள்ளே புழு. காய் அழுகியபின் புழு மண்ணுள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிப் புதிய ஈயாகின்றது. ஆகவே அழுகிய காயை வேலியோரம் வீசுவது ஈக்குப் பண்ணை வைத்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும். நாங்கள் முதல் வாரம் அதைத்தான் செய்தோம். விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்து, அழுகிய காய் அனைத்தையும் நாள்தோறும் பொறுக்கிப் பொலித்தீன் பையிற் கட்டி வெயிலில் வைக்கச் சொன்னார். பழைய தண்ணீர்ப் போத்தல்களில் ஆண் ஈயைக் கவரும் மருந்தை இட்டுத் தொங்கவிடவும் கற்பித்தார். இந்த ஈயின் தொல்லை எங்களுக்கு மாத்திரம் உரியதன்று. யப்பானியர் ஒக்கினாவாத் தீவுகளில் இதனை ஒழிப்பதற்கு, மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து வானிலிருந்து விட்டனர். 1972இல் தொடங்கிய அவ்வேலை 1993இலேதான் முடிவுற்றது. இருபத்தோராண்டு! என்னிடம் பதினாறு போத்தல்கள் இருந்தன.

இவற்றையெல்லாம் கடந்திருப்போம். நான் செய்த பிழை வேறு. நாற்பது கொடிகளளவில் இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையும் கலந்து தேமல் படர்ந்தது. “பிடுங்கி எரித்துவிடு” என்றார் அப்பா. அது அழுக்கணவன் பூச்சி பரப்பும் வைரசு நோய் என்பதும், நோயுற்ற கொடிக்கு மருந்தில்லை என்பதும் எனக்குத் தெரியும்; பரீட்சையில் வினாவாகக் கொடுத்தவனும் நானே. ஆயினும் அக்கொடிகளிற் காய் இருந்தது. ஒவ்வொரு காயிலும் எனக்கு வளையலின் ஒரு துண்டு தெரிந்தது. “இன்னும் சில நாள் பார்ப்போம், அப்பா” என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. படித்த மகன் சொன்னால் எதிர்த்துப் பேசாத வழக்கம் அவருக்கு. அந்த வழக்கம் அன்று எங்களுக்குக் கேடாயிற்று. பத்து நாளில் நாற்பது இருநூறைத் தாண்டியது. பின்னர் நானே பிடுங்கினேன். மாலைவரை பிடுங்கினேன். அப்பா குவியலுக்குத் தீ மூட்டிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

தைமாதக் குளிரில் எஞ்சிய கொடிகளின் முதிர்ந்த இலைகளில் மா தூவியதுபோல் வெண்பூஞ்சணம் படிந்தது. பசுப்பாலை நீரிற் கலந்து தெளித்தால் இது கட்டுப்படுமென்று பிரேசில் நாட்டு ஆய்வாளர் ஒருவர் 1999இல் வெளியிட்ட முடிவை நான் படித்திருந்தேன். வீட்டிற் சொன்னேன். பால்மாவுக்கு வரிசையில் நின்று களைத்திருந்த மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அவ்யோசனை அங்கேயே மடிந்தது. மோசமான இலைகளைக் கிள்ளி, மாலை நேரத்திற் கந்தகத் தூளை அளவாக நீரிற் கரைத்துத் தெளித்தோம். காலையிலே தெளித்தால் தேனீக்குத் தீங்கு. கடும் வெயிலிலோ கந்தகம் இலையைச் சுட்டுவிடும்.

இவ்வளவு பாடுபட்ட காய் நம் நாட்டுக்கு உரியதே அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது; பரங்கிக்காய் என்னும் பெயரே அதற்குச் சான்று. ஆயுதபூசையன்று உடைத்தும், கட்டும் வீட்டின் முன் முகம் எழுதித் தொங்கவிட்டும் நாம் கண்ணூறு கழிக்கும் நீற்றுப்பூசணிதான் ஆசியாவின் பழங்குடி. கனடாவிலுள்ள தம்பியின் மகள் தொலைபேசியில், “பெரியப்பா, அங்கே பூசணியைச் செதுக்கி உள்ளே விளக்கு வைப்பீர்களா?” என்று கேட்டாள். நாங்கள் முகம் வரைகிறோம், நீங்கள் முகம் வெட்டுகிறீர்கள் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

மாசித் தொடக்கத்தில் அறுவடை. காம்பு காய்ந்து கட்டையாகி, தோல் நகத்துக்கு இடங்கொடாதபோது, காம்போடு சேர்த்து வெட்டவேண்டும். காம்பு முறிந்தால் அவ்வழியே அழுகல் நுழையும். இரவிற் பன்றிகளும் பகலிற் குரங்குகளும் தம் பங்கை முன்னரே எடுத்திருந்தன. (2025 மார்ச் 15ஆந் திகதி காலை எட்டு மணிமுதல் ஐந்தே நிமிடம் நாடெங்கும் குரங்குகளையும் மயில்களையும் மர அணில்களையும் எண்ணினார்களே, அப்போது நானும் எங்கள் வேலியோரம் நின்று எண்ணினேன். எண்ணப்படுகிறோம் என்று அறிந்தனபோலும், வழக்கமாக வரும் குரங்குக் கூட்டம் அன்று வரவில்லை.) மீந்தவற்றைச் சீயாவின் காய்களோடு ஒரே லொறியில் ஏற்றித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டு சென்றோம். விடியற்காலையிற் சொன்ன விலை வெயில் ஏறுமுன் இறங்கிவிட்டது. பக்கத்து ஊர்களிலெல்லாம் அதே வாரத்திற்றான் அறுவடை. லொறிக் கூலியும் ஆட்கூலியும் போக மிஞ்சிய பணத்தில் ஒரு வளையல் மீண்டது. மற்றையது மீள மேலும் ஓராண்டு சென்றது.

விலை போகாத கோணற் காயொன்றை இளையவள் எடுத்து, தங்கை முறையானவள் அனுப்பிய படத்தைப் பார்த்துக் கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே சிட்டி விளக்கேற்றி வேலிக்கம்பத்தின்மேல் வைத்தாள். சீயா அதைக் கண்டு முதலில் திடுக்கிட்டு, பின்னர் நெடுநேரம் சிரித்தார். அன்றிரவு பன்றி வரவில்லை. மறுநாள் இரவு வந்து, அந்த முகத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போயிற்று.

அப்பா மாத்திரம் ஒரு காரியம் செய்தார். தேமல் தொடாத மேற்குப் பாத்தியின் கொடியில் விளைந்த பெரிய காயை விற்கக் கொடுக்காமல் மறைத்து வைத்திருந்தார். அதனைப் பிளந்து விதைகளைக் கழுவி, சாம்பலிற் புரட்டிச் சுளகில் உலர்த்தும்போது என்னை அழைத்தார். “அடுத்த போகத்துக்கு. இந்த முறை பிடுங்கு என்றால் பிடுங்குவாயா?” என்றார்.

“பிடுங்குவேன், அப்பா” என்றேன்.

அவர் விதைகளை எண்ணத் தொடங்கினார்.