மரண தண்டனைக்கு வவுச்சர் கேட்கலாமா?

மரண தண்டனை ரத்து என்று எப்போது செய்தி வந்தாலும், "ஏதோ டெக்னிக்கல் பாயிண்டைப் பிடிச்சுத் தப்பிச்சுட்டான்யா" என்று கேன்டீனில் ஒரு குரல் கண்டிப்பாகக் கேட்கும். அமெரிக்க வழக்குகள் சிலவற்றை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த 'டெக்னிக்கல் பாயிண்ட்' பற்றித்தான் இந்தப் பதிவு. (பி.காம். படிக்கிறவனுக்கு இது எதுக்கு என்கிறீர்களா? ஆடிட்டிங் பேப்பர் படித்தவனுக்குத்தான் இது சட்டென்று புரியும்!)

யாருக்கு மரணம், யாருக்குச் சிறை என்பது குருட்டாம்போக்கில் நடக்கிறது என்று சொல்லி, 1972-ல் ஃபர்மன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்றிருந்த முறையைத் தட்டிவிட்டது. மாநிலங்கள் புதுச் சட்டம் எழுதின, 1976-ல் அவற்றில் சிலவற்றை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. புது முறையில் கொலை நிரூபணமானால் மட்டும் போதாது. பல மாநிலங்களில், தண்டனையைக் கடுமையாக்கும் காரணி ஒன்றாவது தனியாக நிரூபணமாக வேண்டும். போலீஸ்காரரைக் கொன்றது, பணத்துக்காகக் கொன்றது, ஏற்கெனவே வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றது... இப்படி ஒரு பட்டியல். எதிர்ப்பக்கத்தில் தணிக்கும் காரணிகள்: சின்ன வயதில் பட்ட அடி, மனநோய், இளம் வயது. இரண்டு பக்கத்தையும் எடை போட்டு முடிவு. ஏறக்குறைய நம்ம பற்று வரவுதான்.

அப்படியானால் ஒவ்வொரு என்ட்ரிக்கும் வவுச்சர் எங்கே என்று கேட்பது எப்படி வெறும் டெக்னிக்கல் ஆகும்?

ஜான்சன் எதிர் மிசிசிப்பி வழக்கைப் பாருங்கள். நெடுஞ்சாலை ரோந்து அதிகாரி ஒருவர் 1981-ல் கொல்லப்பட்டார். ஜூரி மூன்று காரணிகளைச் சொல்லி மரண தண்டனை கொடுத்தது. அதில் ஒன்று, ஜான்சன் 1963-ல் நியூயார்க்கில் பெற்ற ஒரு பழைய தண்டனை. அதற்கு அரசுத் தரப்பு காட்டிய ஆதாரம் ஒரே ஒரு ஆவணம், அவரைச் சிறைக்கு அனுப்பிய உத்தரவின் நகல். அன்று உண்மையில் என்ன நடந்தது, யார் சாட்சி, எதுவும் ஜூரி முன்னால் வரவில்லை. 1987-ல் நியூயார்க் நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பையே ரத்து செய்துவிட்டது. வவுச்சரே செல்லாது! ஆனாலும் மரண தண்டனை நிற்கும் என்றது மிசிசிப்பி உச்ச நீதிமன்றம். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1988 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அவர் சிறையில் இருந்தது உண்மைதானே என்று கேட்டால், செல்லாத தீர்ப்பினால் சிறையில் இருந்தது குற்றத்துக்கு ஆதாரமாகிவிடாது என்பதே அதன் பதில்.

கொல்லப்பட்ட அதிகாரியின் குடும்பத்துக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் அவர்களுக்கு நடந்த கொடுமையின் கனத்தை, நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு காகிதத்தை வைத்துக் கூட்ட முடியாது.

ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதுவதும் உண்டு. கொள்ளையின்போது கொலை என்பது ஒரு காரணி, பண லாபத்துக்காகக் கொலை என்பது இன்னொன்று. கொள்ளையடிக்கிறவன் வேறு எதற்குக் கொள்ளையடிப்பான்? இரண்டையும் தனித்தனியாக எண்ணக்கூடாது என்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 1976-லேயே ப்ரோவென்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. வார்த்தையே வழுக்குகிற காரணிகளும் இருந்தன. 'மிகக் கேவலமான, மனிதத்தன்மையற்ற' கொலை என்ற மாதிரி. எந்தக் கொலை அப்படி இல்லை? 1980-ல் காட்ஃப்ரே வழக்கில் ஜார்ஜியாவின் இப்படிப்பட்ட காரணி வைத்துக் கொடுத்த தண்டனை நிற்கவில்லை.

என்னை அதிகம் உறுத்தியது ரோம்பிலா வழக்கு, பென்சில்வேனியா. அவருடைய பழைய தண்டனை ஒன்றைக் காரணியாகக் காட்டப்போகிறோம் என்று அரசுத் தரப்பு முன்கூட்டியே சொல்லியிருந்தது. அந்தப் பழைய ஃபைல், விசாரணை நடந்த அதே கோர்ட் கட்டடத்தில், கேட்டால் கிடைக்கிற நிலையில் இருந்தது. இரண்டாவது தடவை சொன்ன பிறகு வக்கீல்கள் சாட்சியத்தின் நகலை மட்டும் புரட்டினார்கள். மற்றதைத் தொடவில்லை. அவருடைய பிள்ளைப்பருவம், குடிப்பழக்கம், மனநோய்க்கான அறிகுறி எல்லாம் அந்த மற்ற பக்கங்களில்தான் இருந்தன. பற்றுப் பக்கத்து வவுச்சரைத் தேடிப் போயிருந்தால் வரவுப் பக்கத்துக்கு வேண்டியதும் கையில் கிடைத்திருக்கும்.

2005-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் ஜெயித்தார். குடும்பத்தாரிடம் பேசினார்கள், மூன்று மனநல நிபுணர்களைப் பார்த்தார்கள், வக்கீல்கள் அவ்வளவு செய்தது போதும் என்பது அந்த நான்கு பேரின் கட்சி. அவர்கள் வாதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். ஃபைல் ஏன் மூடியே கிடந்தது என்பதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.